புவியியல் படிச்சா என்னா வேல

புவியியல் படிச்சா என்னா வேலைக்குப் போகலாம்னு நபீல் சேர் கேட்டப்ப, வகுப்புல ஒரு புள்ளயும் வாயத் தொறக்கலயாம். எங்க மக தர்ஷிகா வந்து சொன்னா. நான் ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். விஞ்ஞானம்னா நர்ஸ், வணிகம்னா பேங்கு, மனையியல்னா ஹோட்டல்னு மத்த பாடத்துக்கெல்லாம் புள்ளைங்க டக்கு டக்குன்னு சொல்லியிருக்குங்க.  புவியியல் படிச்சா நாலு புள்ளைங்களுக்கு அதையே சொல்லிக் குடுக்கலாம், வேற என்னாத்தக் கிழிக்கிறதுன்னு நானும் சொன்னேன். என் வாய் அப்புடி.

நபீல் சேர் மடவளைக்காரரு. பஸ் மாறி பன்விலைக்கு வந்து, அங்கருந்து எங்க தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே ஏறி வருவாரு. குத்தம் சொல்ல ஏலாத மனுசன். கல்வி வலயக் கந்தோர்ல இருந்து 'பாடமும் தொழிலும்'னு ஒரு திட்டம் அனுப்பியிருந்தாங்க. ஒவ்வொரு புள்ளயும் ஒரு பாடத்த எடுத்து, அதப் படிச்சா கெடைக்கிற ஒரு வேலையச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு அந்த வேலக்காரங்க மாதிரியே நடந்து, பாத்தத எழுதிப் படம் போட்டுக் குடுக்கணும். மலை சரியுமா சரியாதான்னு பாத்துச் சொல்றதுக்குன்னே ஆபீசர்மார் இருக்காங்க, புவியியல்ல கெட்டிக்காரங்களா இருந்தா அந்தப் பக்கம் போகலாம்னு சேர் சொல்லியிருக்காரு. இவ கையத் தூக்கிட்டா.

ஏன் தூக்குனான்னு எனக்குத் தெரியும். எங்க லயம் மேமலைக்கு அடியில இருந்துச்சு. வரிசையாக் கட்டுன ஒத்த அறைக் காம்பராங்க, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். அதுக்கு முந்துன வருச மழையில பின்னால மேட்டுல ஒரு வெடிப்பு விட்டுச்சு. அன்னையிலருந்து மழை பேஞ்சா இவளுக்குத் தூக்கம் இல்ல. லயத்து ஆக்கள எப்புடியாச்சும் அங்கருந்து கெளப்பிரணும், அதான் ஒரே நெனப்பு. ஆபீசர் மாதிரி எழுதிக் குடுத்தா பெரிய மனுசங்க காதுல ஏறும்னு நம்புனா, பாவி மக.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேட்டுல ஏறிருவா. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் குச்சி அடிச்சு, நூல் கட்டி, அடிமட்டத்தால அளப்பா. நூலோட மறு முனையப் புடிக்கிறது அவ அப்பா. எங்க வீட்டுக்காரரு மூக்கையா, வேல முடிஞ்சு வந்த சட்டையோட நிப்பாரு. ஆபீசரம்மா, எனக்கு இன்னைக்கி அரைப்பேர்க் கூலியா முழுப்பேர்க் கூலியான்னு கேலி பண்ணுவாரு. லயமே சிரிக்கும். ஆனா நூல ஒழுங்காப் புடிப்பாரு.

அப்புறம் ஒவ்வொரு காம்பராவாப் போயி, யாரு எந்த மூலையில படுப்பீங்கன்னு கேட்டுக் கேட்டுப் படத்துல போட்டா. நெசமாவே ஆபத்து வந்தா அதான் மொதல்ல தேவைப்படுமாம், சேரோட பொஸ்தகத்துல இருந்துச்சாம். மூணாவது காம்பரா வேலாயி அக்கா, என் புருசன் எங்க படுக்குறாருன்னு நானே தேடிக்கிட்டு இருக்கேன், கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லுன்னுச்சு. இவ சிரிக்கவே இல்ல. அடுப்புப் பக்கம்னு எழுதிக்கிட்டா.

படம் முடியிற நேரம் அவ அப்பா எட்டிப் பாத்தாரு. கொட்டில்ல எங்களுக்கு ஒரு செவலப் பசு, செனையா இருந்துச்சு. "மாட்டையும் போடு ஆபீசரம்மா. அதுவும் இங்கதான படுக்குது," ன்னாரு. ஆபீசர்மார் மாடெல்லாம் போட மாட்டாங்கப்பான்னு இவ சொன்னா. அவரு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளு பொய்க் கோவம் காட்டுனாரு. சரி தொலையட்டும்னு லயத்துக் கடைசியில, கொட்டில் இருக்குற எடத்துல, வயிறு பெருத்த ஒரு செவப்பு மாட்ட வரைஞ்சு விட்டா.

வெடிப்பு அகண்டுக்கிட்டே வருது, குடிக்கப் புடிக்கிற பீலித் தண்ணி கலங்கி வருது, வேலாயி அக்கா வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குதுன்னு எல்லாம் எழுதி, கடைசியில செவப்பு மையில ஒரு வரி. மழை தொடங்க முன்னர் இந்த லயத்தில் உள்ள எல்லாரையும் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். சேர் அதப் படிச்சுட்டு ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்பி வச்சாராம்.

கண்டியில ஒரு மண்டபத்துல கண்காட்சி வச்சாங்க. நாங்க மூணு பேரும் நல்ல துணி உடுத்திக்கிட்டுப் போனோம். மொத பரிசு எங்க புள்ளைக்குத்தான். நடுவர்மார் நின்னு நின்னு பாத்தாங்க, கையெழுத்து அழகா இருக்குன்னாங்க, மாட்டப் பாத்துச் சிரிச்சுப் போன்ல படம் புடிச்சாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னா பொய். ஆனா மனசு கேக்கல. பரிசு குடுத்த அம்மாகிட்டப் போயி, அப்ப மலையப் பாக்க எப்ப மேடம் வருவீங்கன்னு கேட்டேன். அவங்க என் தோளத் தொட்டு, "இது பிள்ளைகள்ட பள்ளிக்கூட ஒப்படைதானே அம்மா," ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க.

தோட்டத்துத் தொரையும் விடல. காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல எல்லாரையும் கை தட்ட வச்சாரு, கூட நின்னு போட்டோ புடிச்சாரு. அதே தொரைகிட்ட, சாமி, அந்தக் கடைசி வரியப் படிச்சீங்களான்னு நான் கேட்டா, ஆபத்துன்னு சொல்ல வேண்டியது கவர்மெண்டு ஆபீசராம், அவரு வந்து பாத்து எழுதுனாத்தான் வேற எடம் குடுக்க ஏலுமாம், எழுதிப் போட்டுருக்காம். நபீல் சேரும் சும்மா இருக்காம அந்த மலை ஆபீசுல கேட்டுக்கிட்டே இருந்தாரு. கேக்குற நேரமெல்லாம் வரிசையில இருக்குன்னு பதில் வந்துச்சு. எல்லாரும் படத்தப் பாத்தாங்க, மலைய ஒருத்தரும் பாக்கல. படத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வகுப்புச் செவுத்துல மாட்டுனாங்க.

கார்த்திக மழை வந்துச்சு. விடாம ஊத்துச்சு. மூணாம் நாளு பகல்ல தர்ஷிகா மேட்டுல இருந்து சறுக்கிக்கிட்டே எறங்கி வந்தா. நூலு அந்துருச்சும்மான்னா. அப்புறம் அவ ஒரு கதவு விடல. தட்டுனா, கத்துனா, புள்ளைங்களத் தூக்கி வெளி இஸ்தோப்புல எறக்கி வச்சா. அவ அப்பாவும் கூடவே போயி, ஆபீசரம்மா சொல்றாங்க, கெளம்புங்கன்னாரு. இந்தத் தடவ யாரும் சிரிக்கல. இருட்டுறதுக்கு முன்ன லயம் மொத்தமும் பள்ளிக்கூடத்துல இருந்துச்சு.

அதோட முடிஞ்சிருந்தா நான் இன்னைக்கி இப்புடிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். விடிஞ்சதும் மழை நின்னுருச்சு. பளிச்சுன்னு வெயில். ஈரத் துணியும் பசியும் குளிருமாக் கெடந்த சனம், ஒரு எட்டுப் போயி அடுப்ப மூட்டிட்டு வந்துர்றோம்னு எந்திரிச்சிருச்சு. குத்தம் சொல்ல முடியுமா? இவ பாதையில கைய விரிச்சுக்கிட்டு நின்னா. தண்ணி உள்ளுக்குள்ள எறங்கிக்கிட்டுத்தான் இருக்கும், வெயில நம்பாதீங்கன்னா. வேலாயி அக்கா அவ தாடையத் தொட்டுக் கொஞ்சிட்டு, கைக்கு அடியில குனிஞ்சு போயிருச்சு.

கடைசியா அவ அப்பா. இவ சட்டையப் புடிச்சுக்கிட்டு விடல. அவரு வெரல் வெரலா எடுத்து விட்டாரு. "நீங்க சொல்றது சரிதான் ஆபீசரம்மா. மாடு கட்டிக் கெடக்கு. அவுத்து விட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

பல லொறி லோட்டுக் கல்ல ஒண்ணாக் கொட்டுன மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். நாங்க ஓடிப் போயிப் பாத்தா லயம் இருந்த எடத்துல செம்மண்ணு, மேல வேரோட தேயில. எங்க வீடு எதுன்னு எனக்கே அடையாளம் தெரியல. நான் வாய்விட்டுக் கத்துனேன். தர்ஷிகா கத்தல.

ரோடெல்லாம் ஒடஞ்சு கெடந்ததால ஆமிக்காரப் பையன்களும் மண்ணு தோண்டுற பெக்கோ மெசினும் வந்து சேர நாளாச்சு. வந்தும் எங்க தோண்டுறதுன்னு தெரியாம அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் கிண்டுனாங்க. நபீல் சேர் மடவளையில இருந்து நடந்தே வந்தாரு, காலெல்லாம் சேறு. நாங்க படுத்துக் கெடந்த வகுப்புக்குள்ள வந்து, செவுத்துல இருந்த படத்தக் கழட்டி அவ கையில குடுத்தாரு.

ஓரத்துல ஒரு பாறை மட்டும் அசையாம நின்னுச்சு. படத்துல எல்லாத்தையும் அந்தப் பாறையிலருந்துதான் அளந்துருந்தா. அதுகிட்ட நின்னு, படத்தப் பாத்து, மண்ணு தள்ளுன தூரத்தையும் கூட்டி, சிங்களத்துல அந்தப் பையன்களுக்குச் சொன்னா. இது மூணாவது காம்பரா, அடுப்புப் பக்கம் பாருங்க. வேலாயி அக்கா அங்கதான் இருந்துச்சு. அடுத்தது, அதுக்கு அடுத்தது. அவ சொல்லச் சொல்ல எடுத்து வெளிய வச்சாங்க. ஒருத்தருக்கும் உசுரு இல்ல.

அப்பத்தான் அந்த ஆபீசர் வந்தாரு. மலை பாக்குற ஆபீசர், தலையில தொப்பி, கையில மெசினு. வரிசை வந்துருச்சு போல. படத்த வாங்கி மேலயும் கீழயும் பாத்தாரு, யாரு வரைஞ்சதுன்னாரு. சிங்களத்துல என்னமோ சொன்னாரு. ரொம்ப நல்லா செஞ்சிருக்காளாம், நல்லாப் படிச்சு இந்த வேலைக்கே வரணுமாம்னு நபீல் சேர் எனக்கு எடுத்துச் சொன்னாரு. சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, அந்தாளக் கிழிச்சுத் தொங்கப் போட்டுருப்பேன். தர்ஷிகா என் கைய அமுக்குனா. அவருகிட்ட இருந்து படத்த வாங்கி, தொடச்சு, லயத்துக் கடைசிக்கு நடந்தா. அங்க நின்னு அந்தச் செவப்பு மாட்டு மேல வெரல வச்சா.

"இன்னும் ஒரு எடம் இருக்கு சேர்," ன்னா. "இங்க தோண்டச் சொல்லுங்க. அப்பா இங்க."

தோண்டுனாங்க. அங்கதான் இருந்தாரு.