பென்சிலில் எழுதிய கொலைகாரன்

மலர்க்கொடிக்குப் பெரம்பலூரில் வீடு, அரியலூரில் ஆபீஸ். 2002இல் அந்தத் தினசரி பஸ் பயணத்தை அவள் சகித்துக்கொண்டதே சைபுல்லாவின் வாடகைப் புத்தகக் கடையால்தான். துபாயிலிருந்து அவர் மச்சான் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த ஆங்கில நாவல்களில், பூனை வரும் துப்பறியும் கதைகள் மட்டும் முப்பது தேறும். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம், ஓயாத தூறல், பாதிரியார் வீட்டில் தேநீர். யாரோ ஒருவர் அதிகம் ரத்தம் சிந்தாமல் செத்துக் கிடப்பார். பூனை எதையாவது கவ்விக்கொண்டு வந்து துப்புக் கொடுக்கும். நாளெல்லாம் மனுக்களோடு மல்லுக்கட்டியவளுக்கு, எல்லாச் சிக்கலும் இருநூறு பக்கத்தில் தீர்ந்துபோகிற ஓர் ஊர் தேவைப்பட்டது.

அதில்தான் எவனோ மண்ணள்ளிப் போட்டான். தபால்காரர் அறிமுகமாகும் மூன்றாம் பக்கத்திலேயே பென்சிலில் 'இவர்தான்' என்றிருந்தது. அடுத்த புத்தகத்தில் பேக்கரிக்காரியின் பெயருக்கு அடிக்கோடு, பக்கத்தில் 'இவள்தான்'. நான்காவது புத்தகத்தை பஸ்ஸிலேயே படாரென்று மூடினாள்.

"எனக்கு முன்னாடி இதெல்லாம் யாரு பாய் எடுத்தது?"

"நம்ம சிங்காரவேலு சார்தாம்மா. விவசாய ஆபீசுல இருந்து ரிடையர் ஆனாரே."

ஞாயிற்றுக்கிழமை நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"கொலைகாரன் யாருன்னு மொதல்லயே எழுதிவச்சா அடுத்தவங்க எப்பிடி சார் படிக்கிறது?"

அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவா பேசுங்கம்மா. எழுதச் சொன்னதே அவங்கதான்" என்றார்.

உள்ளே நாற்காலியில் அவர் மனைவி ஜெகதாம்பாள் சாய்ந்திருந்தார். இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். தினமும் மாலையில் கணவர் கதையைத் தமிழில் சொல்ல, கேட்டுக்கொண்டிருப்பாராம்.

"நல்லவன்னு நெனச்சு ஒருத்தன்மேல பாசம் வச்சிடறேன். கடைசில அவனே கொலைகாரன்னா நெஞ்சு படபடங்குதும்மா. முன்னாடியே தெரிஞ்சா அவன்கிட்ட ஒட்டாம கேட்டுக்குவேன்."

"தனிப் பேப்பர்ல எழுதிக்கலாமே சார்?"

"எங்கயாச்சும் தொலைச்சிடறேன்மா."

வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மலர்க்கொடி அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தாள். கடைசியில் அவளே ஒரு ஏற்பாடு சொன்னாள். இனி அவள் முதலில் படிப்பாள். படித்து முடித்ததும் கொலைகாரன் பெயரைச் சீட்டில் எழுதி, தொலையாதபடி அட்டையில் குத்திப் புத்தகத்தோடு கொடுப்பாள். பென்சில் மட்டும் கூடாது.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. மூன்றாவது வாரம், கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்திருந்த நேரத்தில், மலர்க்கொடிக்கு போன் என்று மேலாளர் கூப்பிட்டார்.

"அந்தத் தோட்டக்காரன எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றார் ஜெகதாம்பாள். "சீட்டுல அவன் பேருதான் இருக்கு. நல்லாப் பாத்துத்தான் எழுதுனியா?"

"அவன்தாம்மா கொன்னான்!" என்று மலர்க்கொடி கத்திவிட்டாள்.

அறையில் ஏழு பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.