பத்து நிமிடம்

மதியம் இரண்டு பத்துக்கு கமர்ஜஹான் படுக்கையறைச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி ஏசியை அணைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள்.

கூடத்தில் மெக்கானிக் ஸ்டீபன்ராஜ் கன்ட்ரோலரின் முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். செம்பட்டியில் ஒரு வேலையை முடித்துவிட்டு நேராக பேகம்பூர் வந்திருந்தார். மாடியில் ஒரே மெஷின், கீழே நாலு அறை. எந்த அறை சூடாகிறதோ அதன் குழாய்க்குள் இருக்கும் தகட்டை மட்டும் கன்ட்ரோலர் திறந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் மகன் அக்மல் லீவில் வந்தபோது மாட்டியது. ஷார்ஜாவில் இருந்தபடியே போனில் எந்த அறையையும் போடலாம் என்று காட்டிவிட்டுப் போனான்.

அப்போதெல்லாம் முட்டிவலி என்று கமர்ஜஹான் அணைப்பாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். "அங்கன இருந்துக்கிட்டே போட்டுட்டாம் பாருங்க, கிறுக்குப் பய" என்று சிரித்துவிட்டுப் போர்த்திக்கொள்வாள்.

அக்மல் சாலை விபத்தில் இறந்து நாற்பத்திரண்டு நாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மய்யித்தின் முகத்தை இவர்கள் பார்க்கவில்லை. கமர்ஜஹான் ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் மதியம் ஏசியை அணைத்தாள். அது திரும்ப வந்தது. அத்தோடு அழுகை நின்றது.

"மய்யித்தப் பாத்தது யாரு?" என்று கணவர் நைனா முகமதுவிடம் கேட்டாள். தினமும் கேட்கிறாள்.

"யாரு தம்பி போடுறது?" கூடத்தில் நைனா முகமது மெக்கானிக்கிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரும் போடலை பாய். கையால ஆஃப் பண்ணுனா பத்து நிமிசந்தான் கேக்கும். அப்புறம் தானா ஓப்பன் ஆயிரும். மாட்டுன அன்னைக்கே உங்க மகன் இப்படி வச்சுட்டாரு."

"அப்ப, அவன் போன்ல இருந்து?"

ஸ்டீபன்ராஜ் கன்ட்ரோலர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஒரு தடவகூட தொடலை பாய்."

ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, "அம்மாவ ஏண்டா சீண்டுற?" என்று நைனா முகமதுவும் கேட்டிருக்கிறார். அவன் சிரிப்பான். நான் இல்லை என்று சொன்னதில்லை.

"அந்த செட்டிங்க எடுத்துரவா பாய்?"

"செத்த இருங்க."

கூரைக்குள் தகடு திரும்பும் சத்தம் கேட்டது. படுக்கையறைத் திரைச்சீலை அசைந்தது. கமர்ஜஹான் அதை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கண்ணில் மை இட்டிருந்தாள்.

"பாத்தீகளா?" என்றாள் கணவரிடம். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"தம்பி, இது உங்க தொழிலு. நீங்களே சொல்லுங்க. கைபடாம இது தானா வருமா?"