காந்தத்தின் காலில் ஒரு நேர்த்திக்காசு

மாத்தளை டவுனுக்கு மேலே, தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகளின் உதறல் எட்டாத ஒரு மேட்டில், ஓர் ஆய்வுகூடம். அதற்குள் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு காந்தம். காந்தத்துக்குக் காவல் லெஸ்லி. நியமனக் கடிதத்தில் கருவிப் பொறுப்பாளர் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் பதினொரு வருஷமாக அவர் பார்த்த வேலை வாசலில் நின்று ஆட்களின் இரும்பைப் பிடுங்குவது. சாவி, பெல்ட், கைக்கடிகாரம், கொண்டை ஊசி, சில்லறை எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விழ வேண்டும். ஒருமுறை அமைச்சிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். லெஸ்லி கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றார். பெரிய மனிதர் கண்ணாடி வழியாகக் காந்தத்தைப் பார்த்துவிட்டு, நல்ல காந்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்க வருகிறவர்களுக்கு லெஸ்லி ஒரே விளக்கம்தான் வைத்திருந்தார். புரதம் என்பது தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரி ஒரு வரிசை வீடு, அதில் நூற்றுக்கணக்கான அணுக்கள் குடியிருக்கின்றன. காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து தன் குரலில் பதில் சொல்லும். அந்தப் பதில்கள் திரையில் புள்ளிகளாக விழும். யார் பக்கத்தில் யார் என்பதைப் புள்ளிகளை வைத்தே கண்டுபிடித்து லயத்துக்குப் படம் போட்டுவிடலாம். இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு தங்கள் சாவியைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போகாமல் நாலு வருஷம் அங்கேயே கிடந்தவள் நிப்லா. உக்குவளையில் அவளுடைய வாப்பாவுக்கு மிளகுத் தோட்டம். கொடி வாடும் நோயில் பாதித் தோட்டம் கருகிப்போக, மீதிப் பாதி ஏன் கருகவில்லை என்று கேட்டுக்கொண்டு பல்கலைக்கழகம் போனவள், அதே கேள்வியோடு காந்தத்திடம் வந்து சேர்ந்தாள். கருகாத கொடிகளில் ஒரு சின்னப் புரதம் இருந்தது. அது கொடியின் டி.என்.ஏ. மேல் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்ததும் கொடி நோயோடு மல்லுக்கு நிற்கத் தொடங்குகிறது. தன்னுடைய எந்த இடத்தால் பிடித்து உட்காருகிறது என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முதலில் புரதத்தை மட்டும் மூன்று நாள் காந்தத்தில் வைக்க வேண்டும். பிறகு அதோடு டி.என்.ஏ.யைச் சேர்த்து இன்னும் மூன்று நாள். இரண்டாவது முறையில் எந்தப் புள்ளிகள் நகர்ந்திருக்கின்றனவோ அவைதான் தொட்ட இடம்.

கையில் இருந்தது ஒரேயொரு குழாய் புரதம். பென்சில் தடிப்பில் கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு தேக்கரண்டிகூட நிறையாத தண்ணி. அதைச் செய்து எடுக்க ஒரு வருஷம் பிடித்தது. அது ஒரு கிழமைக்கு மேல், அதாவது ஏழு நாளுக்கு மேல், தாங்காது, தயிர் மாதிரித் திரைந்துவிடும். காந்தமும் தாங்காது. அதைக் குளிரில் வைத்திருக்கும் திரவ ஹீலியம் இனி வாங்க முடியாது, முப்பதாம் திகதி திங்கட்கிழமையோடு காந்தத்தை அணைத்துவிடுங்கள் என்று மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. ஆக, அந்தக் குழாய்க்கு இருந்தது ஒரே ஒரு கிழமை, நிப்லாவுக்கும் அதுதான்.

லெஸ்லி வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி ஷிரானி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வஹாக்கோட்டைக் கோயில் அந்தோனியாருக்கு ஒரு காசு முடிஞ்சு கட்டுங்களேன்" என்றாள். "மெசின நிப்பாட்டாம இருக்கட்டும்."

"மெசினுக்கெல்லாமா நேர்த்தி வைப்பாங்க?"

"ஏன், எங்க அண்ணன் லொறிக்கு வைக்கலியா? லொறி என்ன மனுஷனா?"

லெஸ்லி விஞ்ஞானத்தைச் சந்தேகிக்கிற ஆள் இல்லை. அந்தோனியாரையும் சந்தேகிக்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு கந்தோரில் வேலை பார்க்கிறவர்கள் என்று நினைத்து இத்தனை காலம் சமாளித்தவர். நேர்த்திக்கு ஒரு முறை இருக்கிறது. காசைத் துணியில் முடிந்து, காரியம் எங்கே நடக்க வேண்டுமோ அங்கே கட்டி, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். ஒரு காசுக்கு ஒரு வேண்டுதல். நிறைவேறிய பிறகு அவிழ்த்து, கோயில் உண்டியலில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் போன பிறகு, தட்டில் கிடந்த தன் சில்லறையிலிருந்து இரண்டு ரூபாய்க் காசொன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, காசில் காந்தம் ஒட்டாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உடைந்த ரேடியோவின் காந்தத்தை எல்லாக் காசின் மேலும் இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட ஒட்டவில்லை. அதற்குப் பிறகு காசை மாற்றி, உள்ளே உருக்கு இரும்பும் மேலே பூச்சுமாக அடிக்கத் தொடங்கினார்கள். காந்தம் வைத்து விளையாடுகிற சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். பதினொரு வருஷமாக ஒரு காசைக்கூடக் காந்தத்தின் பக்கம் விடாத மனிதருக்கு மட்டும் தெரிய வழியில்லாமல் போயிற்று.

காசைக் கைலேஞ்சித் துணியின் மூலையில் முடிந்து, காந்தத்தின் காலொன்றில் கட்டிக் கண்ணை மூடினார். ஷிரானி சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் மெசினை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து விழுந்துவிட்டது, கையெழுத்து விழுந்த கடிதத்தை அந்தோனியாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளையின் வேலையாவது சரிவரட்டும் என்று கேட்டார். கேட்கும்போது விரலில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. ஜெபத்தில் அப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு, குனிந்து பார்க்காமலே வெளியே போனார்.

சனிக்கிழமை காலையில் நிப்லா குழாயைக் காந்தத்துக்குள் இறக்கினாள். அளக்கத் தொடங்குமுன் காந்தப்புலத்தைக் குழாய் முழுக்க ஒரே சீராக்க வேண்டும். வழக்கமாக ஒரு மணித்தியால வேலை. அன்றைக்கு ஒன்பது மணித்தியாலம் எடுத்தது. ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் சாய்ந்தது. காந்தத்துக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து, சாப்பிடாமல் கொள்ளாமல் திருகித் திருகி, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருவாறு சீராக்கி அளவையைத் தொடக்கினாள்.

திங்கட்கிழமை காலையில் லெஸ்லி வந்து, எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று குனிந்தார். தொங்க வேண்டிய கைலேஞ்சி தொங்கவில்லை. காந்தத்தின் வயிற்றைப் பார்த்து, விறைத்துக்கொண்டு, நேர் மேலே நின்றது.

என்ன நடந்திருக்கிறது என்று விளங்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும், என்ன நடக்கப்போகிறது என்று விளங்க இன்னொரு நிமிஷம். சனிக்கிழமை நிப்லா புலத்தைச் சீராக்கியது இந்தக் காசின் இழுப்பையும் சேர்த்துத்தான். இப்போது அவிழ்த்தால் புலம் மாறிவிடும், அளவை பாழ். விட்டுவைக்கலாம் என்றால், அவசரத்தில் போட்ட முடிச்சு நெகிழ்ந்துகொண்டிருந்தது. அது கழன்று காசு மேலே போய் ஒட்டினாலும் பாழ்தான். அவர் நேர்ந்துகொண்ட காரியத்தை அவருடைய நேர்த்திக்காசே அழிக்கப் பார்த்தது. தேநீர் நேரம் வரைக்கும் தவித்துக் கிடந்துவிட்டு, நிப்லா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்.

"மகள், ஒரு விஷயம்."

"என்னா சேர்? ஹீலியம் கொறஞ்சிட்டா?"

"இல்லம்மா. காலுல ஒரு காசு கட்டியிருக்கேன்."

"யார்ட கால்ல?"

"மெக்னெட்டோட காலுல. நேர்த்திக்கு."

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்களா?"

"நான்தான்."

"நாலு வருஷமா எண்ட முக்காட்டு ஊசியப் புடுங்கினீங்க சேர். முடிச்சுப் போட்டுப் போட்டே பழகிட்டன். நீங்க காசக் கட்டி வெச்சீக்கிறீங்க." குரல் ஏறியது. "சனிக்கிழம முழுக்க நான் அழுதழுது சரி பண்ணினது இந்த ரெண்டு ரூவாயயா?"

லெஸ்லி தலையைக் குனிந்துகொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை, பேச அவர் இடம் கொடுத்ததுமில்லை.

"கழட்டிறவாம்மா?"

"அல்லாவே, தொட்டுறாதீங்க! வெள்ளிக்கிழம வரக்கும் அந்தக் காசு அசையப்படாது."

பிறகு நடந்தது பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. லெஸ்லி நிலத்தில் மல்லாந்து படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, காகித டேப்பால் முடிச்சைக் காலோடு சேர்த்து ஒட்டினார். நிப்லா கணினியின் முன்னால் இருந்துகொண்டு, இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அதட்டினாள். திரையில் கோடு ஆடவில்லை.

மத்தியானத்துக்குள் வாசல் காவலாளி நடராஜாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதாவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மெசின் நேர்த்தியில்தான் ஓடுகிறது, காசைக் கழற்றினால் நின்றுவிடும் என்று பேச்சு. இதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம். பணிப்பாளர் கிறிஸ்தோபர் மூடநம்பிக்கையை அடியோடு வெறுப்பவர். அவர் காசை அவிழ்க்க விறுவிறுவென்று வந்தார். ஐந்து வேளை தொழுகிறவளும் புனிதர்களுக்கு நேர்த்தி வைப்பதைக் கடுகளவும் ஏற்காதவளுமான நிப்லா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இந்தக் காசக் கழட்டினா எண்ட புரதம் போயிரும் சேர்."

"மகள், நீங்க ஒரு விஞ்ஞானி."

"அதுதான் சேர் சொல்றன்."

பணிப்பாளர் திரும்பிப் போனார். மறுநாள் காலையில் வெளிக்கதவின் கைப்பிடியில், யாரோ முடிந்த மஞ்சள் துணியொன்றும் சிவப்புத் துணியொன்றும் தொங்கின.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் குழாயை வெளியே எடுத்து, டி.என்.ஏ.யைச் சேர்த்து, மறுபடி இறக்கினாள். லெஸ்லி அந்த மூன்று நாளும் காந்தத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து, விறைத்து நின்ற அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நிப்லா கத்திய கத்தில் நடராஜா ஓடி வந்தார்.

"அஞ்சு புள்ளி நகந்தீக்கி சேர்! அஞ்சும் பக்கத்துப் பக்கத்துல! மத்ததெல்லாம் அப்பிடியே ஈக்கி!"

லெஸ்லி பார்த்தார். முதல் முறைப் புள்ளிகள் நீலத்திலும் இப்போதைய புள்ளிகள் சிவப்பிலும் இருந்தன. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியிருக்க, ஐந்து மட்டும் விலகி நின்றன. அங்கேதான் புரதம் மிளகுக்கொடியின் டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்கிறது. நிப்லா சிரித்துக்கொண்டே அழுதாள். வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "உம்மா எங்க?" என்று கேட்டாள்.

"இனிக் கழட்டலாம் சேர்" என்றாள்.

"திங்கட்கிழம வரைக்கும் கெடக்கட்டும்மா."

திங்கட்கிழமை கம்பனியிலிருந்து பொறியியலாளர் வந்து, காந்தத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கத் தொடங்கினார். லெஸ்லி டேப்பைப் பிய்த்துவிட்டு ஸ்டூலில் இருந்தார். நிப்லா பக்கத்தில் வந்து நின்றாள். காந்தம் எப்போதும் போலத்தான் இருந்தது, சத்தமில்லை, அசைவில்லை. கைலேஞ்சி மட்டும் மெல்லத் தலை சாய்ந்தது. பதினொரு மணிக்குச் சரிவாக நின்றது, பன்னிரண்டுக்குப் படுக்கையாக. பதினொரு வருஷம் காவல் காத்த அந்தக் காந்தப்புலத்தை லெஸ்லி கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அது போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் துணி நேர் கீழே தொங்கி, ஏசிக் காற்றில் லேசாக ஆடியது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும் என்று.

நிப்லாவுக்கு அது தெரியாமல் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னாள்.

"நேர்த்தி பலிக்கல்லயே சேர்."

"பலிச்சிருச்சேம்மா" என்றார் லெஸ்லி. "வெள்ளிக்கெழமையே."

அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். அந்த முடிச்சை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள்.