ஒன்பது பெஞ்சு வலப்பக்கம்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். தேவாலயத்து மணியைத் தொட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

1789ஆம் ஆண்டு கோடையில் வெர்சாயில் தேசிய சபை கூடியபோது, எங்கள் லா ருவெல் ஊரார் என்னைப் பிரதிநிதியாக்கிக் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்று. பிரபு வொக்ரென் வளர்க்கும் புறாக்கள் எங்கள் விதைக் கோதுமையைத் தின்னக்கூடாது. ஆகஸ்டில் அதற்குச் சட்டம் வந்தது. சபை போடும் சட்டத்தை அரசர் நிறுத்திவைக்கலாமா என்ற கேள்வி செப்டம்பரில் வந்தது. கூடாது என்று சொல்வதுதான் எனக்கு ஊர் கொடுத்த வேலை.

சபைத் தலைவருக்கு வலப்பக்கம் அரசரின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அரசரின் பிடியைத் தளர்த்த வந்தவர்கள் இடப்பக்கம். நானும் இடது கோடியில்தான் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தின்ன ஒருவரும் எதையும் கொண்டுவரவில்லை. வலது கோடியிலோ பிரபு வொக்ரென் தினமும் கூடையைத் திறப்பார். புறாக்கறி அடைத்த அப்பம். வாசனை ஒன்பது பெஞ்சு தாண்டி வந்தது.

நாளுக்கு ஒரு பெஞ்சாக நகர்ந்தேன். முதல் பெஞ்சில் அரசரே எதற்கு என்றிருந்தவனுக்கு, மூன்றாவதில் அவர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டது. நடுப்பெஞ்சில் இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது, கழுத்து வலித்தது. ஏழாவதில் ஜனங்களுக்கு அவசரம் அதிகம் என்று தோன்றியது. ஒன்பதாவதில், பாவம், புறாவுக்கும் வயிறு உண்டே என்று கண் கலங்கியது.

"என்ன கில்லெமோ, பந்தி தேடிப் போறியா?" என்று வக்கீல் தெனிஸார் இடப்பக்கத்திலிருந்து கத்தினார்.

"வாய்யா," என்றார் பிரபு. "அந்தப் பக்கத்துக் காத்து ஒத்துக்கலையோ?"

"பசி ஒத்துக்கலைங்க பிரபு."

சட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை அரசருக்கு வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்கும்படி தலைவர் சொன்னார். பிரபு கூடையோடு எழுந்தார். கூடை எழுந்ததால் நானும் எழுந்தேன்.

மேலே பார்வையாளர் மாடத்தில் பெரெட் நின்றிருந்தாள். எங்கள் ஊரில் தோல் பதனிடுகிறவரின் மனைவி. ஊர்ப் பெண்கள் எனக்காகத் தைத்த சட்டையோடு ஐந்து நாள் நடந்து வந்திருந்தாள்.

வாசலில் என்னைப் பிடித்தாள். "வாயத் தொடைச்சுக்கண்ணே."

"தப்பா எழுந்துட்டேன், பெரெட்."

"தப்பா எழுந்தவன் ஒடனே உக்காருவான். நீ மென்னுக்கிட்டேல்ல நின்ன! யாரு வீட்டுக் கோதுமையத் தின்னு கொழுத்த புறாண்ணே அது?"

"ஊர்ல சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்றேன்? விதைப்புக்கு வருவேல்ல, நீயே சொல்லு." சட்டையைக் கொடுக்காமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அரசருக்கு அந்த உரிமை கிடைத்தது. விதைப்பு சமயத்தில் தேவாலயத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அப்பம் உட்பட. யாரும் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "ருசியா இருந்துச்சா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருந்தது என்று சொல்லித் தொலைத்தேன். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

உண்மையில் அந்தச் சபைக்குப் போனவர் நானில்லை, என் அப்பா. அந்த ஆண்டு எனக்கு நான்கு வயது.