எழுந்திருக்காதவள்

காவலர் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ரேடியோ அத்தை. காலையில் குழாயடியில் வாயைத் திறந்தால் இருட்டும் வரைக்கும் மூடமாட்டாள். கணவர் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, கான்ஸ்டபிளாகவே ஓய்வு பெற்று, பென்ஷனை நிம்மதியாக அனுபவிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இருப்பது அவளும் மருமகளும்தான். மருமகளும் போலீஸ் கான்ஸ்டபிள். இப்போது அவர்கள் தலைக்கு மேலே கூரை இருப்பது அந்த மருமகளின் வேலையால்.

அந்த மருமகளோ ஒரு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழை வந்துவிடும் என்கிற ரகம். ‘ஊமைக்கோட்டான்’ என்று ரேடியோ அத்தை அவள் காதுபடவே சொல்வாள். அதற்கும் பதில் வராது. “சண்டை போடக்கூட எதிராளி இல்லாத மாமியார் உலகத்துல நான் ஒருத்திதான்” என்று குழாயடியில் குறைப்பட்டுக்கொள்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவள் போனபோது யாரும் சிரிக்கவில்லை. பேச்சு சட்டென்று நின்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். கடைசியாகப் போனவள் மட்டும் திரும்பி, “உங்க வீட்டு மகாராணி நம்ம ஆளுங்களையே காட்டிக்கொடுக்கப் போறாளாமே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். ஒரு பெயிண்டரை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். அவர் வேலை செய்த வீட்டில் நகை காணாமல் போயிருந்தது. வந்தவர் திரும்பிப் போகும்போது வலது கை முறிந்திருந்தது. நகை அந்த வீட்டு அலமாரிக்குப் பின்னாலேயே கிடைத்தது, அது வேறு கூத்து. பெயிண்டரின் மனைவி விடவில்லை, கோர்ட் படி ஏறினாள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார், ஓய்வுபெற்ற ஒரு பெண் நீதிபதியை விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்து, கையை உடைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு வந்தாராம். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் பாரா நின்றவள் மருமகள். அவள் மட்டும் அப்படி இல்லை என்று சொல்லப்போகிறாள்.

ரேடியோ அத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. மருமகள் சாட்சி சொல்வதற்காக அல்ல. குழாயடிக்குத் தெரிந்த சங்கதி தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று.

மருமகள் டியூட்டி முடிந்து வந்து பெல்ட்டைக் கழற்றுவதற்குள் வழிமறித்தாள்.

“ஏம்மா, ஊரே வாயில போட்டு மெல்லுது. எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா? நீ என்னத்தைப் பார்த்தே?”

மருமகள் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பேசாத அளவுக்குப் பேசினாள்.

“உள்ள வரும்போது அவர் தண்ணி கேட்டார் அத்தை. குடுத்தேன். டம்ளரை வலது கையில வாங்கித்தான் குடிச்சார். அப்புறம் இன்ஸ்பெக்டர் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. கதவு சாத்தியிருந்துச்சு, சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தப்போ மறுபடியும் தண்ணி கேட்டார். டம்ளரைப் பிடிக்க முடியலை. நான்தான் வாயில ஊத்தினேன்.”

ரேடியோ அத்தை வாயடைத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“உன் கண்ணால பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அப்போ சொல்லிடு. பார்த்ததைச் சொல்றதுக்கு என்ன?”

சொல்லிவிட்டாளே தவிர, படுத்த பிறகு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டாள். அத்தனை பேரும் ஒரு பக்கம், இந்தப் பெண் ஒருத்தி ஒரு பக்கம். பொய்ச்சாட்சி என்று முத்திரை குத்தினால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். மகன் சம்பளத்தில் வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அதைவிட, அந்தப் பெயிண்டரின் கதி என்ன? முறிந்த கையோடு பொய்யன் என்ற பட்டத்தையும் சுமந்துகொண்டு போவார்.

மறுநாளிலிருந்து யாரும் அவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். வேறு யாராக இருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார்கள். ரேடியோ அத்தைக்கு அது பட்டினி போட்ட மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் இருக்கிற பேச்சையெல்லாம் மருமகளிடம் கொட்டினாள். மருமகள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், நடுவில் எப்போதாவது சிரித்தாள். இந்தப் பெண் இத்தனை நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது.

அந்த ஸ்டேஷனின் ஏட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் கையால சாப்பிட்டு வளர்ந்தவன் நான். நம்ம பொண்ணை மாத்திச் சொல்லச் சொல்லலை. சரியா கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாம் அடங்கிடும்.”

“பாராவுல நின்னவ கவனிக்கலைன்னு சொன்னா, அதுக்கும் மெமோ குடுப்பீங்களே தம்பி.”

ஏட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

சம்பந்தியம்மாள் போன் செய்து அழுதாள். பெற்ற மகள் காலில் விழுவேன் என்றாள், ஊரோடு ஒத்துப் போ என்றாள், உனக்கு ஏன் இந்த வம்பு என்றாள். மருமகள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ரேடியோ அத்தை போனை வாங்கினாள். “சம்பந்தி, அவ சாப்பிடலை. சாப்பிட்டுட்டுப் பேசுவா” என்று வைத்துவிட்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. தட்டை எடுத்து வைக்கத் தெரியும்.

விசாரணை ஓர் அரசாங்க அலுவலகத்தின் மீட்டிங் ஹாலில் நடந்தது. மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஏட்டு, டிரைவர், மற்ற கான்ஸ்டபிள்கள் எல்லோரும் இஸ்திரி கலையாத யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சாட்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்டிருந்தார், இன்ஸ்பெக்டரிடம் பயமா, அவருடைய நிர்பந்தம் ஏதாவது உண்டா என்று. ஒருவர் பாக்கியில்லாமல் இல்லை என்றார்கள். சஸ்பெண்ட் ஆனவர் எங்களுக்கு யாரோ ஒருவர்தான் என்று ஏட்டு ஒருபடி மேலேயே போயிருந்தார். இன்ஸ்பெக்டர் அதுவரைக்கும் ஹால் பக்கமே தலைகாட்டவில்லை. உடம்பு சரியில்லை என்று வக்கீலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ரேடியோ அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெயிண்டரும் அவர் மனைவியும். பெயிண்டரின் விரல்கள் இன்னமும் சரியாக மடங்கவில்லை.

மருமகள் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். மெல்லிய குரல். நீதிபதி இரண்டு தடவை, “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றார். தண்ணீர் கேட்டதைச் சொன்னாள். வலது கையில் டம்ளரை வாங்கியதைச் சொன்னாள். கதவு சாத்தியதைச் சொல்லும்போது, ஹாலின் கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். யூனிஃபார்ம் இல்லை, சாதாரண சட்டைதான். அவள் சாட்சி சொல்கிற நாள் பார்த்து வந்திருந்தார். ஒரு பார்வை பார்த்தால் போதும், இந்தப் பெண்ணுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருக்க வேண்டும்.

முன்வரிசை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் யோசித்து எழுந்திருக்கவில்லை. பூட்ஸ் கால்கள் ஒரே நேரத்தில் தரையைத் தட்டின. முதுகுகள் விறைத்தன. இன்ஸ்பெக்டரும் யோசிக்கவில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது செய்வதுபோல இரண்டு விரலைக் கீழே அசைத்தார். வரிசை முழுவதும் உட்கார்ந்தது.

உட்கார்ந்த பிறகுதான் ஏட்டுக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

எழுந்தவர்களில் ஓர் ஆள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ரேடியோ அத்தைதான். இத்தனை வருஷம் போலீஸ்காரன் பெண்டாட்டியாக இருந்த உடம்பு, அதுபாட்டுக்கு எழுந்துவிட்டது. பெயிண்டரின் மனைவி நிமிர்ந்து பார்த்ததும், தன் கால்கள்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தொப்பென்று உட்கார்ந்தாள்.

உட்கார்ந்துதான் முன்னால் பார்த்தாள். மருமகள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அந்தக் கணத்தில் ரேடியோ அத்தைக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. என் மருமகள், என் வீட்டுப் பெண் என்று நெஞ்சு விம்மியது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் உள்ள வந்தப்போகூட நீங்க யாரும் இவ்வளவு வேகமா எழுந்திருக்கலையே” என்றார். “இப்ப வந்தது யார் ஏட்டு?”

ஏட்டு எழுந்தார். “பழக்கதோஷம்மா. மன்னிச்சிடுங்க.”

“உங்களை உக்காரச் சொன்னது யார்? நான் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே.”

வக்கீல் எழுந்து, இதெல்லாம் வெறும் மரியாதை, இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தார்.

“பயமில்லைன்னு சொன்னவங்க எல்லாரும், விரலை அசைச்சதும் உக்கார்ந்திருக்காங்க. பயமில்லாமலே இப்படின்னா, அந்த விரல் சொன்ன மத்ததையும் செஞ்சிருப்பாங்களான்னு நான் கேட்கணும் இல்லையா?” என்று நீதிபதி மருமகள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாதாம்மா?”

“இருக்கும்மா” என்றாள் மருமகள். இப்போது குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “கால் எழுந்திருக்கத்தான் பார்த்துச்சு. நான்தான் பிடிச்சு உக்கார வச்சேன்.”

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சாத்திய கதவு, சத்தம், பிடிக்க முடியாத டம்ளர், வாயில் ஊற்றிய தண்ணீர். வக்கீல் குறுக்குக் கேள்வியில் அவளைப் புரட்டி எடுத்தார். லீவு தராத கோபம்தானே, பிரமோஷன் ஆசைதானே என்றார். இல்லை சார், பார்த்தேன் சார் என்பதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து பெயரவில்லை. ஊமைக்கோட்டானோடு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று ரேடியோ அத்தைக்குத் தெரியாதா? வக்கீல்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அவள் சாட்சி சொல்லி முடித்ததும் டிரைவர் எழுந்தார். இந்தத் தடவை மெதுவாக, தானாக எழுந்தார்.

“அம்மா, நான் மறுபடியும் சொல்லணும். ஏணி விஷயத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. அந்த ஆளை வண்டியில ஏத்திட்டு வந்தது நான்தான். கை நல்லாத்தான் இருந்துச்சு. அவரேதான் வண்டிக் கதவைத் திறந்து இறங்கினார்.”

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் உட்காரவில்லை. கடைசி வரிசையில் பெயிண்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரேடியோ அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சில மாதங்களில் நீதிபதியின் அறிக்கை வந்தது. இன்ஸ்பெக்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள், அவர்மேல் கிரிமினல் வழக்கும் போட்டார்கள். பொய் சொன்னவர்களுக்குத் தண்டனை தனியாக வந்தது. பெயிண்டருக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவானது. கை பழையபடி ஆகாது, அதை எந்த உத்தரவாலும் செய்ய முடியாது. மருமகளின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. குடியிருப்பில் பாதிப் பேர் இன்னமும் பேசுவதில்லை. மீதிப் பேர் எங்களுக்கு அப்போதே தெரியும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு பத்திரிகைக்காரப் பெண் வீடு தேடி வந்தாள். மருமகளைக் கேட்டாள். அவள் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டாள். ஆகவே ரேடியோ அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முழுக் கதையையும் சொன்னாள். ஹாலில் தான் எழுந்து நின்றதைக்கூட மறைக்கவில்லை. “நான் எழுந்துட்டேன்மா. அவ எழுந்திருக்கலை. அதுதான் அவ” என்றாள்.

பத்திரிகைக்காரப் பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். “இவ்வளவு தைரியம் குடுத்து நிக்க வச்சிருக்கீங்க. நீங்க அவங்க அம்மாதானே?”

“அம்மாவா?” என்றாள் ரேடியோ அத்தை. “பெத்தவளா இருந்திருந்தா பயந்துபோய்த் தடுத்திருப்பேன். நான் மாமியார். அப்படியே எழுதிக்கோ, பெரிய எழுத்துல.”