ரொட்டி வாயில் இருந்தபோது சொன்ன தலைப்பு

வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு கைப்பேசியிடம் பேசக் கூடாது என்பது, என் நாவல் அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அட்டை வரைபவருக்கு அனுப்பச் சொல்லி நான் சொன்ன தலைப்பு 'பொற்காலம்'. ரொட்டியோடு சேர்த்து அது எழுதிக்கொண்டது 'போர்க்காலம்'. அவர் பாவம், பற்றி எரிகிற ஊர் ஒன்றை வரைந்து பார்வைக்கு அனுப்பினார். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, செவ்வானமாக்கும் என்று நினைத்து, "பிரமாதம்" என்று பதில் போட்ட புண்ணியவானும் நானே.

நாவல் இன்னும் நூறு வருடம் கழித்து நடக்கிறது. அங்கே சண்டை இல்லை, வரிசையில் நிற்பது இல்லை, தலைவலிகூட இல்லை. யார் என்ன சொன்னாலும் மற்றவர்கள் "ஆகட்டும்" என்பார்கள். நாயகன் நான், நாயகி என் மனைவியின் அச்சு. அவள் மனம் குளிரத்தான் எழுதினேன். படித்து முடித்தவள், "எழுத்து பெருசா இருக்கு, கண்ண உறுத்தல" என்றாள். அதற்குமேல் கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும் அவளுக்கு.

புத்தகம் விற்கத் தொடங்கியதுதான் வினை. பதிப்பாளர் அழைத்தார்.

"அண்ணே, பின்னிட்டீங்க. வெளிய சிரிப்பு, உள்ள பயங்கரம். அந்த 'ஆகட்டும்' வர்ற இடமெல்லாம் குலை நடுங்குதாம்."

"அது சொர்க்கம்யா."

"அதத்தானே சொல்றேன். சொர்க்கம்னு நம்ப வெச்சே கழுத்த அறுத்திருக்கீங்க. ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. தலைப்பத் திருத்தவா, அப்படியே விடவா? சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பழைய கதை. என் குரங்குக்கு மாலை வேறு விழுந்துகொண்டிருந்தது. ஆனால், இத்தனை பேர் பயந்து நடுங்கும் ஊரிலா நான் என் மனைவியைக் கொண்டுபோய்க் குடிவைத்தேன்?

மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. நாளெல்லாம் திட்டு வாங்கிய காதைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மழுப்பாம சொல்லு. நான் எழுதினது பொற்காலமா, போர்க்காலமா?"

"நெருப்பு நல்லா வரைஞ்சிருக்காங்க."

"நெருப்ப விடு. அந்த ஊர்ல நீ இருப்பியா?"

செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்புப் பக்கம் பார்க்கவில்லை.

"அங்க யாருக்கும் புகாரே கிடையாதுன்னு என் வேலையத் தூக்கிட்டீங்க. அது போகட்டும். புத்தகம் பூரா அந்த நாயகி உங்க கூடவே வர்றா, ஒரு தடவகூட 'உளறாதீங்க'ன்னு சொல்லல. இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எந்தப் பக்கத்துல சொல்லப்போறீங்களோன்னு பயந்துகிட்டே புரட்டினேன்."

"அப்போ?"

"இருக்க மாட்டேங்க. ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். நீங்களும் அங்க போகாதீங்க, உங்களத் திட்ட ஆள் இல்ல."