காது சாரின் கார்

புகைப் பரிசோதனை நிலையத்தில் அவருக்குக் காது சார் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு வண்டி வாசலில் திரும்பும்போதே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். கையிலிருக்கும் டீயைக்கூடக் கீழே வைக்கமாட்டார்.

"சைலன்சர்ல கை வெச்சிருக்கீங்க. ஒரிஜினல் மாட்டிட்டு வாங்க."

"மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க சார்" என்று யாராவது கெஞ்சினால், "மெஷின் நேத்து வந்தது. என் காது பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கு" என்பார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பார். மெஷினோ விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வேலை வெட்டியில்லாமல் மூலையில் உறைக்குள் உட்கார்ந்திருக்கும்.

அவருடைய சொந்தக் கார் ஒருநாள் மேம்பாலத்தில் மானத்தை வாங்கியது. எவ்வளவு மிதித்தாலும் எறும்பு மாதிரி ஊர்ந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. சைக்கிளில் போனவர் ஒருவர் முந்திப் போய், திரும்பி இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி கேட்டாள்: "நான் வேணா இறங்கி நடந்து போய் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கட்டுமா?" பின்னால் உட்கார்ந்திருந்த மைத்துனன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெக்கானிக் காரை மேலே தூக்கி, அடியில் நின்று பார்த்தார். "கன்வெர்ட்டர் அடைச்சுப் போச்சு சார். உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, விஷப் புகையைச் சுத்தம் பண்றது? அது கரி ஏறி உருகிக் கிடக்கு. வண்டி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. இந்த மாடலுக்கு ஒரிஜினல் இப்ப வர்றதும் இல்ல."

"ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் போட்டுடுங்க மாமா" என்றான் மைத்துனன். "ஓட்டை பெருசு. புகை சல்லுனு போகும்."

"அதைப் போட்டுட்டு வர்றவங்களைத்தான்டா நான் திருப்பி அனுப்பிட்டிருக்கேன்!"

"தரமானதா போட்டா புகையையும் ஒழுங்கா சுத்தம் பண்ணும் சார்" என்றார் மெக்கானிக். "சத்தம் மட்டும் ஒரு சுருதி இறங்கும்."

காது சார் யோசித்தார். மற்றவர்கள் மாட்டுவது ஆட்டத்துக்கு, தான் மாட்டுவது அவசியத்துக்கு என்று மனத்துக்குள் ஒரு தனிச் சட்டம் இயற்றினார். அன்று மாலையே அது அமலுக்கும் வந்தது.

கார் பறந்தது. தூங்கும் புலி உறுமுவது போல அடியிலிருந்து ஒரு கார்வை. அதைக் கேட்கவே எங்கே போனாலும் மேம்பாலத்தில் ஏறினார். "ஏங்க, காய்கறிக் கடை நம்ம தெருமுனையில இருக்கு" என்று மனைவி நினைவுபடுத்தினாள். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நிலையத்துக்கு மட்டும் காரைக் கொண்டுபோவதில்லை. பின்தெருவில் மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "உடம்பை நல்லா பார்த்துக்கறீங்க சார்" என்று பாராட்டிய ஊழியர்களுக்கு நடைப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

பின்தெருவில் எத்தனை நாள் ஒளித்தாலும் காரின் புகைச் சான்றிதழ் ஒருநாள் காலாவதியாகத்தானே செய்யும்? ஊழியரின் வண்டியை வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த வேறொருவர், அவரே தொழில் கற்றுக்கொடுத்த இளம் பெண் அதிகாரி.

கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சீக்கிரமே கிளம்பினார். அதற்குள் வரிசை நின்றது. ஓரமாகப் பூனை நடையில் காரை உருட்டினார். வாசலிலிருந்த வேகத்தடையில் என்ஜின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பிய பதற்றத்தில் கால் அழுந்தியது. புலி முழித்துக்கொண்டு கர்ஜித்தது.

இளம் அதிகாரி டீக் கிளாசிலிருந்து நிமிரவேயில்லை. "சைலன்சர்ல கை வெச்சிருக்கீங்க. ஒரிஜினல் மாட்டிட்டு வாங்க."

பிறகுதான் பார்த்தாள். "சார்... நீங்களா?"

"மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பாரும்மா."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரால் பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட பால் வேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "என்ன சார், காதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

அந்தப் பெண் கேலி செய்யவில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள். "மெஷினைத் தேடிப் போனா நம்ம மேலேயே நமக்கு நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

காது சாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "அது... நான் சொன்னது தப்பும்மா" என்றார் மெதுவாக.

"கேக்கலை சார்!" என்றார் பால் வேன்காரர்.

"தப்புன்னு சொன்னேன்!"

மெஷினின் உறையை உருவினார்கள். உள்ளே ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றிவிட்டு, குழாயைக் காரின் புகைப்போக்கிக்குள் செருகிக் காத்திருந்தார்கள். திரையில் எண்கள் ஏறி இறங்கி நின்றன. தேறிவிட்டது, அதுவும் தாராளமாக. காது சார் இரண்டு கைகளையும் தூக்கினார். யாரும் கைதட்டவில்லை.

"அப்ப என் வண்டியையும் அதுலயே போடும்மா" என்றார் பால் வேன்காரர். லொடலொடவென்று வந்து நின்ற அந்த வேனும் தேறியது. அவர் காது சாரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறிப் போனார். எல்லாரும் மெஷின்தான் வேண்டும் என்றார்கள்.

வரிசையின் நடுவில் ஒரு பள்ளி வேன் இருந்தது. சத்தமே இல்லை, பஞ்சு மாதிரி வந்து நின்றது. வழக்கமாக இதைக் காது சார் கையசைத்தே அனுப்பிவிடுவார். குழாயைச் செருகியதும் எண்கள் ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. மெஷின் சிவப்பாக மின்னி அலறியது.

டிரைவர் திகைத்துப்போய் இறங்கினார். "வருஷா வருஷம் நீங்கதானே சார் நல்ல வண்டின்னு சொல்லி அனுப்புவீங்க? புள்ளைங்க தலை வலிக்குதுன்னு சொல்லும். வெயிலுன்னு நினைச்சேன்."

காது சார் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி இருக்கைகள். ஒன்றின் அடியில் ஒற்றை ஷூ. தன் கார் தேறிய சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. மெக்கானிக்குக்குத் தானே போன் செய்து, வேனை உடனே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தரையில் மண்டியிட்டு, குழாயைத் தானே பிடித்து, மிச்ச வண்டிகள் ஒவ்வொன்றையும் பார்த்தார். சாயங்காலம் முகம் அடுப்புக்கரியாகியிருந்தது.

மறுநாள் காலை, மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு இளம் அதிகாரியோடு அந்தப் பள்ளி வாசலுக்குப் போனார். உள்ளே மற்ற வேன்கள் வரிசையாக நின்றன. காவலாளி கதவைத் திறக்கத் தயங்கினார்.

"எங்க வேன்லாம் அமைதியான வண்டிங்க சார். சத்தமே வராது."

"அதனாலதான்யா வந்திருக்கேன்" என்றார் அவர். "கதவைத் திற."